பலாமரக் கதவில் பூனைக்கு வாசல் வெட்டலாமா? அப்பா விடுகிறார் இல்லை

கல்லடி மிளகு எழுதியது:

வணக்கம். விசயம் சின்னதுதான், ஆனால் வீட்டில் இரண்டு கிழமையாக இதே கதை. எங்கள் பூனை மிளகு, முழுக் கறுப்பு, பெட்டை, வயது இரண்டரை, கருத்தடை செய்தாயிற்று. இவ்வளவு காலமும் குசினி யன்னல் கம்பிக்குள்ளால் போய் வந்துகொண்டிருந்தது. போன மாரியில் அம்மாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்து எழும்பினா. அதற்குப் பிறகு அப்பா ஒரு யன்னல் விடாமல் நுளம்பு வலை அடித்துவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மிளகுக்கு வழி அடைபட்டுப் போயிற்று. இரவு இரண்டு மணிக்குப் பின்கதவைப் பிறாண்டுகிறது. எழும்பிப் போய்த் திறந்தால் வெளியே போகாமல் நிலையடியில் இருந்துகொண்டு இருட்டைப் பார்க்கிறது, நானும் அதோடு நின்று பார்க்கிறேன். மறுகா மூன்றரைக்கு வெளியே நின்று ஒரு கத்தல். எனக்குக் காலை ஏழேகாலுக்கு பஸ்.

லண்டன் மச்சாள் வந்தபோது ஒரு பூனைக்கதவு, அதுதான் ஃப்ளாப், வாங்கி வந்து தந்தா. வெள்ளைப் பிளாஸ்டிக், நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு மடல், மடலின் அடியில் காந்தம். உட்பக்கம் ஒரு திருகு இருக்கிறது: இரண்டு பக்கமும் திறக்க, உள்ளே வர மட்டும், வெளியே போக மட்டும், முழுப் பூட்டு என்று நாலு நிலை. கதவில் ஒட்டிவைத்து வெட்டக் காகித அச்சும் பெட்டிக்குள் இருக்கிறது.

சிக்கல் கதவில்தான். 1978 சூறாவளியில் எங்கள் வளவில் விழுந்த பலாமரத்தை அறுத்து அப்பப்பா தன் கையால் செய்த கதவு அது. சுனாமித் தண்ணீர் இடுப்பளவு நின்ற நேரமும் வீங்கியதே தவிரப் பிளக்கவில்லை. சட்டமும் பலகையுமாகச் செய்த கதவு, மேலே இரண்டு பலகை, கீழே இரண்டு பலகை. கீழ்ச்சட்டம் மட்டும் ஒன்பது அங்குல உயரம். அச்சில் சொல்லியிருக்கிற மாதிரி நிலத்திலிருந்து ஐந்து அங்குலத்தில் ஓட்டை வெட்டினால் அது நேராக அந்தச் சட்டத்துக்குள் விழுகிறது. அப்பாவிடம் காகிதத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், மடித்தார், சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.

இந்தக் கதவிலேயே வெட்ட வழி இருக்கிறதா? பின்பக்கம் வாடைக்காற்றுக்கு நேரே பார்க்கிறது, மாரி மழை கதவில்தான் அடிக்கும். அதோடு பாம்பு பூச்சி உள்ளே வருமா என்று அம்மா கேட்கிறா. செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தேற்றாத்தீவான் எழுதியது:

தங்கச்சி, பூனைக்குக் கதவா? எங்கள் வீட்டில் ஏழு பூனை, ஒன்றுக்கும் நான் இதுவரை கதவு திறந்து விட்டதில்லை, ஓட்டுக்குக் கீழால் வருகிறது போகிறது. பூனைக்கு மணி கட்டுகிறது யார் என்று கேட்பார்கள், உங்கள் வீட்டில் அப்பாவுக்குத்தான் மணி கட்ட வேண்டியிருக்கிறது.

பகிடி ஒரு பக்கம் இருக்கட்டும், அம்மா கேட்டது சரியான கேள்வி. காந்தம் இழுத்துப் பிடித்திருக்கிற மடலைப் பாம்பு தள்ளித் திறந்து வருவது அபூர்வம். பூனை வாயில் கவ்விக்கொண்டு வருமே, பயம் அதற்குத்தான். எங்கள் வீட்டில் ஒருநாள் அரை உயிரோடு ஒரு சாரைக்குட்டியைக் கொண்டுவந்து தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழ் விட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டது. சாரை என்றபடியால் இதை எழுத நான் இருக்கிறேன். நிலத்தில் பாய் போட்டுப் படுக்கிறவர்கள் இருக்கிற வீடென்றால் இன்னும் கவனம். கட்டுவிரியன் இரவில்தான் வரும், நித்திரையில் இருக்கிறவர்களைத்தான் கூடுதலாகக் கடிக்கும், கடித்தது தெரியாமலே கிடக்கிறவர்களும் உண்டு. பொழுதுபட்டால் அந்தத் திருகை ‘உள்ளே வர மட்டும்’ என்பதில் வையுங்கள், பூனை வந்து சேர்ந்ததும் முழுப் பூட்டு. இரவில் வெளியே போகாத பூனை இரவில் எதையும் பிடித்துக்கொண்டு வராது. பாயில் படுத்தாலும் நுளம்பு வலையைச் சுற்றிவரப் பாய்க்குக் கீழ் செருகிவிட்டுப் படுங்கள், அது நுளம்புக்கு மட்டுமில்லை.

நிந்தவூர்ப் பாஸ் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மகள், முதலில் ஒன்று. அந்தக் காகிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு போன வாப்பா விசயம் தெரிந்த மனிசன். கீழ்ச்சட்டத்தில் கை வைக்கவே கூடாது. ஓட்டை ஏழு அங்குலம் இருக்கும், ஐந்து அங்குலத்தில் தொடங்கினால் ஒன்பது அங்குலச் சட்டத்தில் மேல் நாலு அங்குலம் போய்விடும். கதவின் பாரத்தைச் சதுரம் பிசகாமல் பிடித்திருக்கிறது அந்தச் சட்டமும் அதன் இரண்டு முனையிலும் பக்கச்சட்டத் துளைக்குள் செருகி நிற்கிற கழுந்தும்தான், நடுவில் நிற்கிற காலின் கழுந்தும் அதற்குள்தான் இறங்கியிருக்கும். வெட்டினீர்கள் என்றால் ஒரு மாரி தாண்டுவதற்குள் கதவு தொங்கிப் போய் நிலத்தில் உரசும். இந்த அச்சு சட்டம் பலகை இல்லாத வெளிநாட்டு மொட்டைக் கதவுக்குப் போட்ட கணக்கு, எங்கள் கதவுக்கு இல்லை.

ஐந்து அங்குலம் என்று அவர்கள் சொல்வது பூனையின் வயிற்று உயரத்தை வைத்து. பூனை குனியாமலும் பாயாமலும் காலைத் தூக்கி வைத்துப் போகட்டும் என்பதற்காக. மிளகு இரண்டரை வயதுப் பெட்டை, பத்து அங்குலம் அதற்கு ஒரு உயரமா? அதனால் பலகையில் வெட்டலாம், கீழ் விளிம்பைச் சட்டத்துக்கு எவ்வளவு கிட்ட வைக்கலாமோ அவ்வளவு கிட்ட. வெளிப்படி உங்கள் வீட்டுத் தரையை விட ஒரு படி தாழ்வாக இருக்கும், ஆகவே வெளியே நின்று பார்த்தால் ஓட்டை பதினைந்து பதினாறு அங்குலத்தில் நிற்கும். அங்கே ஒரு சீமெந்துக் கல்லைப் படுக்கப் போட்டு விடுங்கள். உள்ளே படி வைக்க வேண்டாம், கதவு உட்பக்கம் திறக்கும் என்றால் அதில்தான் வந்து முட்டும்.

இரண்டு கீழ்ப்பலகையில் எது என்று கேட்டால், பிணைச்சல், அதாவது கீல், இருக்கிற பக்கத்துப் பலகை. தாழ்ப்பாள் பக்கம் வேண்டவே வேண்டாம். ஏழு அங்குல ஓட்டைக்குள்ளால் ஒரு மெலிந்த கை தோள்வரை வரும், கீழ்த் தாழ்ப்பாளைத் தட்டிவிட அது போதும். சாவியையும் பூட்டிலேயே தொங்கவிட்டுப் படுக்காதீர்கள். இதை நான் எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை.

இனி வாப்பாவின் மனம் நோகாத வழி. மூத்தப்பா செய்த பலகையை வெட்டாதீர்கள். பழைய கதவுகளில் பலகை சட்டத்தில் வெட்டின பள்ளத்துக்குள், அதுதான் காடி, சும்மாதான் செருகி நிற்கும், பசை போட மாட்டார்கள், மழைக்கு ஊதவும் வெயிலுக்குச் சுருங்கவும் இடம் வேண்டும் என்று தெரிந்துதான் அப்படி விட்டார்கள். கதவைப் பிணைச்சலில் இருந்து கழற்றி, சாக்கு விரித்துப் படுக்கப் போட்டு, உட்பக்கக் காடி உதட்டை உளியால் சீவி எடுத்தால் பலகை முழுசாகக் கையில் வரும். அந்த இடத்துக்கு அரை அங்குல மரைன் ப்ளைவுட் வெட்டி, ஓட்டையை அதில் போட்டு, உட்பக்கம் பீடிங், அதாவது மெல்லிய மரக்கீற்று, அடித்து மூடலாம். பீடிங் உட்பக்கம் இருக்கிறபடியால் வெளியில் இருந்து கிண்டிக் கழற்ற முடியாது. நாளைக்குப் பூனை வேண்டாம் என்றால் பழைய பலகையைத் திரும்பப் போட ஒரு மணித்தியால வேலை.

வெட்டுகிற முறை சுருக்கமாக: ஓட்டையின் நாலு மூலையிலும் ஜிக்சோ அலகு நுழையுமளவுக்கு ட்ரில் போட்டு, மெதுவாகச் சுற்றி வெட்டுங்கள். ப்ளைவுட்டின் வெட்டுமுகம் தண்ணீரைத் தாகத்தோடு குடிக்கும், ப்ரைமரும் எனாமலும் அந்த முகத்தில் இரண்டு கை பூசிக் காயவிட்டு மறுகாதான் ஃப்ளாப்பைப் பொருத்த வேண்டும். திருகாணி துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும், கல்லடியில் கடலும் வாவியும் இரண்டு பக்கமும் நிற்கிறது, சாதா ஆணி ஒரு வருடத்தில் கறள் கட்டிவிடும். வெளிச்சட்டத்தின் மேலும் இரண்டு பக்கமும் சிலிக்கன், கீழே விட்டுவிடுங்கள், உள்ளே போன தண்ணீர் வெளியேற வழி வேண்டும். மேலே ஒரு சாண் தகரத்தைச் சரிவாக அடித்தால் வாடை மழைக்கு அது போதும். இப்போது வெயில், பலகை சுருங்கி இருக்கும், வேலைக்கு நல்ல காலம். மாரியில் வீங்கின பலகையை யாராலும் கழற்ற முடியாது.

ஈஸ்ட்ஹாம் வாசி எழுதியது:

பாஸ் சொன்னதற்கு மேல் கதவைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் ஆரையம்பதி, இங்கே வந்து பத்தொன்பது வருடம். உங்கள் மச்சாள் வாங்கியது சாதாரண காந்த வகை, எந்தப் பூனையும் தலையால் தள்ளி உள்ளே வரும். பக்கத்து வளவுக் கடுவன் ஒன்று இருந்தால் மூன்றாம் நாளே உங்கள் குசினியில் நிற்கும். இங்கே மைக்ரோசிப் வாசிக்கிற வகைதான் இப்போது கூடுதல். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் வளர்ப்புப் பூனை இருபது கிழமை வயதாகுமுன் சிப் போட வேண்டும் என்பது சட்டம். தோலுக்குக் கீழே அரிசிமணி அளவில் ஒன்று, அதில் பதினைந்து இலக்க எண். ஷுவர்ஃப்ளாப் என்கிற ஃப்ளாப் அந்த எண்ணை வாசித்துத் தன் வீட்டுப் பூனைக்கு மட்டும் பூட்டைத் திறக்கும், நாலு ஏஏ பற்றரியில் ஓடும், 32 பூனை வரை ஞாபகத்தில் வைத்திருக்கும். முப்பத்திரண்டு பூனை வளர்க்கிறவருக்குக் கதவே தேவையில்லை என்பது வேறு கதை.

இரும்புக் கதவில் நேராகப் பொருத்தினால் இந்த வகை சிப்பை ஒழுங்காக வாசிக்காது, சுற்றிவர மரமோ பிளாஸ்டிக்கோ விட்டு ஓட்டையைப் பெரிதாக வெட்ட வேண்டும். கண்ணாடிக் கதவென்றால் கெட்டிப்படுத்திய கண்ணாடியை வெட்டவே முடியாது, சுக்குநூறாகிவிடும், ஓட்டையோடு புதுக் கண்ணாடிதான் செய்விக்க வேண்டும். உங்களுடையது மரம், அந்தக் கவலை இல்லை.

அப்பாவுக்குச் சொல்ல ஒரு கதை தருகிறேன். பூனைக்கதவைக் கண்டுபிடித்தது நியூட்டன், பெரிய பூனைக்குப் பெரிய ஓட்டை, குட்டிக்குச் சின்ன ஓட்டை வெட்டினார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை. நியூட்டன் பிறக்குமுன்னமே 1598 இல் எக்செட்டர் பேராலயத்தில் கதவில் பூனைக்கு ஓட்டை வெட்டத் தச்சருக்கு எட்டுப் பென்ஸ் கொடுத்த கணக்கு இருக்கிறது. கதவும் இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. கோயில் கதவிலேயே வெட்டியிருக்கிறார்கள்.

நிந்தவூர்ப் பாஸ் எழுதியது:

எட்டுப் பென்ஸுக்கு நான் வர மாட்டேன் தம்பி.

கல்லடி மிளகு எழுதியது:

பலகையை மாற்றுகிற யோசனையை நேற்று இரவு அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ‘ம்’ என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய சம்மதம். இனிப் பூனையைப் பழக்குவது எப்படி? ஃப்ளாப்பைப் பெட்டியோடு நிலத்தில் வைத்துப் பார்த்தேன், மிளகு பெட்டிக்குள் ஏறிப் படுத்துவிட்டது.

காரைதீவு அக்கா எழுதியது:

பழக்குவதில் அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுவிடும் தங்கச்சி. என் மூத்த பூனையை முதல் நாளே பிடித்துத் தலையை உள்ளே தள்ளினேன், அதற்குப் பிறகு நாலு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பிழை என்னுடையது. இரண்டாவதுக்கு வேறு மாதிரிச் செய்தேன். முதல் மூன்று நாலு நாள் மடலை மேலே தூக்கி நூலால் கட்டி விடுங்கள், வெறும் ஓட்டையாக இருக்கட்டும். வெளிப்பக்கம் கல்லில் ஒரு நெத்தலிக் கருவாடு, வறுத்தது, வாசம் வர வேண்டும். மீன் பாடும் மட்டக்களப்புப் பூனைக்கு இதற்கு மேல் பாடம் தேவையில்லை. தாராளமாகப் போய்வரத் தொடங்கியதும் நூலை இளக்கி மடலைப் பாதிக்கு இறக்குங்கள், முதுகில் பட்டுப் பட்டுப் பழகும். கடைசியில்தான் முழுக்க இறக்க வேண்டும். காந்தம் ‘டக்’ என்று ஒட்டுகிற சத்தத்துக்குத்தான் கூடுதலாகப் பயப்படும், அதற்காக முதல் இரண்டு நாள் காந்தத்தின் மேல் ஒரு துண்டுப் பிளாஸ்டர் ஒட்டி வைத்தேன், சத்தம் குறைந்தது.

கழுத்துப் பட்டியில் காந்தச் சாவி தொங்குகிற வகையும் ஒன்று இருக்கிறது. யாராவது தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என் சின்னவன் ஒருநாள் கழுத்தில் இரண்டு ஆணியும் ஒரு சோடா மூடியும் ஒட்டிக்கொண்டு வந்தான், சாப்பிடக் குனிந்தால் தட்டும் சேர்ந்து எழும்பியது.

வெளியே போய்வருகிற பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசியை வருடம் தவறாமல் போடுங்கள், வெளியில் எந்தக் கடுவனோடு சண்டை பிடித்துவிட்டு வருகிறது என்று நமக்குத் தெரியாது.

கல்லடி மிளகு எழுதியது:

மூன்று மாதத்துக்குப் பிறகு வருகிறேன், குறை நினைக்க வேண்டாம். வேலை முடிந்தது. எங்கள் பக்கத்துத் தச்சர் ஒருவரைக் கூப்பிட்டோம், பாஸ் எழுதியதை அப்படியே அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். முதலில் முகம் சுளித்தார், வாசித்துவிட்டு ‘எழுதினவர் வேலைகாரன்’ என்றார். வெயில் காலம் என்றபடியால் பலகை சிரமமில்லாமல் வந்தது. காடிக்குள் மறைந்திருந்த ஓரம் மட்டும் நிறம் மாறாமல் புதுப் பலா மாதிரி மஞ்சளாக இருந்தது, அதில் பென்சிலால் ‘கீழ் இடம்’ என்றும் ஒரு அளவும். அப்பப்பாவின் கையெழுத்து. அப்பா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கால் அங்குலம் பிழையாக அளந்திருக்கிறார் என்று சொன்னார், தச்சரும் அவரும் அதைப் பற்றி ஒரு தேத்தண்ணி முடியும்வரை கதைத்தார்கள். பலகை இப்போது ஒரு பழைய சாரத்தில் சுற்றி அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

மிளகு பழக ஒன்பது நாள். கருவாடுதான் வேலை செய்தது. இரவு ஏழு மணிக்குப் பிறகு ‘உள்ளே வர மட்டும்’, திருகை மாற்றுவது அப்பாவின் பொறுப்பு, மறக்க மாட்டார். பக்கத்து வளவுக் கடுவன் இரண்டு தரம் வெளியே இருந்து மடலில் மூக்கை வைத்துப் பார்த்தது, இன்னும் உள்ளே வரவில்லை. எலி ஒன்று வந்திருக்கிறது, மிளகின் வாயில்.

ஒரே ஒரு பிரச்சினை. இப்போது கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. அது முன்பக்கத்தால் நுழைந்து வீட்டுக்குள்ளால் ஊடறுத்துப் பின்பக்கமாக வெளியேறும்போது மடல் ‘டக் டக் டக்’ என்று அடிக்கிறது. முன்பு பூனை எழுப்பியது, இப்போது கதவு எழுப்புகிறது. காந்தம் பழுதா?

காரைதீவு அக்கா எழுதியது:

காந்தம் பழுதாகாது. மடலைத் தூக்கி அடிவிளிம்பைப் பாருங்கள், கடற்கரைப் பக்கம் என்றால் கறுப்பு மணல் ஒட்டியிருக்கும், அது ஒட்டினால் மடல் முழுதாகப் பொருந்தாது. துணியால் துடைத்தால் போகாது, ஒட்டுகிற டேப்பை அழுத்தி இழுத்து எடுங்கள்.

கல்லடி மிளகு எழுதியது:

மெய்தான் அக்கா. தலைமயிர் மாதிரி நின்றுகொண்டிருந்தது, மிளகின் காலில் வந்த மணலாக்கும். டேப்பால் மூன்று தரம் இழுத்தேன். நேற்று இரவு சத்தம் இல்லை.